மார்கழியில் மூடுற ரோடு: நம்ம நெடுஞ்சாலையோட பனி முனை

இன்னைக்கு எபிசோடு லாரி பத்தி. அதுவும் பனியில ஓடுற கனரக லாரி பத்தி.

திருநெல்வேலியில உட்கார்ந்துகிட்டு பனி லாரி பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல "பனி"ன்னா மார்கழி காலையில வயல் மேல நிக்கிற மூட்டம், புல் நுனியில இருக்கிற ஈரம், அவ்வளவுதான். வானத்துல இருந்து வெள்ளையா கொட்டி ரோட்டை மூடுற பொருளுக்கு நம்மகிட்ட தனிப் பேச்சு வார்த்தையே கிடையாது. அதையும் பனின்னுதான் சொல்றோம். இந்த எபிசோடு முழுக்க நான் பனின்னு சொன்னா அந்த வெள்ளைப் பனியைத்தான் சொல்றேன்.

கங்கைகொண்டான், தாழையூத்து, தாமிரபரணிப் பாலம், கே.டி.சி. நகர், நாங்குநேரி, அப்புறம் கன்னியாகுமரி. இந்த நாலுவழிச் சாலையில எல்லாரும் போயிருப்பீங்க. வீட்டுல பெரியவங்க இன்னமும் இதை "என்.ஹெச். 7"ன்னுதான் சொல்வாங்க. வாரணாசியில தொடங்கி கன்னியாகுமரியில முடிஞ்ச பழைய நெடுஞ்சாலையோட எண் அது. 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாத்தி எழுதினாங்க. அப்போ இந்த ரோட்டின் பெரும்பகுதியோட வடக்கே இருந்த பல ரோடுகளையும் கோத்து, ஒரே எண் கொடுத்தாங்க: 44. அரசுக் கணக்கில் 4,112 கிலோமீட்டர். தெற்கு முனை கன்னியாகுமரி. வடக்கு முனை ஸ்ரீநகர்.

அதாவது, தாமிரபரணியைத் தாண்டுற அதே ரோடு இன்னொரு முனையில பனிக்குள்ள போய் முடியுது. காஷ்மீர்ல டிசம்பர் 21-ல் இருந்து நாற்பது நாளைக்கு "சில்லை கலான்"னு பேரு. குளிர்காலத்திலேயே கடுமையான காலம். நம்ம கணக்குல மார்கழி முதல் வாரத்துல தொடங்கி, பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் வரைக்கும். இங்க ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்கள் வண்டி ஓடுற நேரத்துல, அங்க அந்த ரோட்டின் மறுமுனையில லாரிகள் வரிசையா நின்னுட்டிருக்கும்.

நின்னுட்டிருக்கும். இந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. இன்னைக்கு நான் சொல்ல வர்றது இதைத்தான்: பனியில லாரி ஓட்டுறதோட வரலாறு, பாதிக்கு மேல, காத்திருக்கிறதோட வரலாறு.

முதல்ல, பனியில என்ன ஆகுது?

வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் இயந்திரம் பேசுவோம். இது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

பனியில வண்டியை நகர்த்துறதை விடக் கஷ்டம், நகர்ற வண்டியை நிறுத்துறது. காய்ஞ்ச தார் ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி, பிரேக் பிடிச்ச பிறகு ஏறக்குறைய 9, 10 மீட்டர்ல நின்னுடும். அதே வேகத்துல, வழவழன்னு உறைஞ்ச ஐஸ் மேல பிரேக் பிடிச்சா 60 மீட்டருக்கு மேல போகும். சமதரையிலேயே இந்தக் கணக்கு. இறக்கத்துல நிக்காமலே போகலாம்.

"லாரிதான் கனமா இருக்கே, கனம் அழுத்தினா பிடிமானம் கூடும்தானே?"ன்னு தோணும். கூடும். ஆனா நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு கூடுதே! ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிடும். ஏத்தத்துல மட்டும் லோடு கொஞ்சம் உதவும், ஏன்னா வண்டியைத் தள்ளுற பின்சக்கரம் அழுந்தும். இறக்கத்துல அந்த லோடே பின்னாடி நின்னு தள்ளும். அதனாலதான் மலை டிரைவர்கள் இறக்கத்துல பிரேக்கை நம்ப மாட்டாங்க. சின்ன கியர்ல போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி ஊர்ந்து இறங்குவாங்க. பின்சக்கரத்துல இரும்புச் சங்கிலி மாட்டுவாங்க. பனி இல்லாத தார் வந்ததும் அதைக் கழட்டணும், இல்லைன்னா சங்கிலி அறுந்து டயரும் போகும். மறுபடி பனி, மறுபடி மாட்டணும். விரல் மரத்துப் போற குளிர்ல ரோட்டோரம் குனிஞ்சு செய்ற வேலை இது.

அடுத்தது டீசல். மார்கழி மாசம் நம்ம வீட்டுல தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவுத்தா எண்ணெய் வராது, பார்த்திருப்பீங்க. டீசலும் அப்படித்தான். அதுக்குள்ள மெழுகு இருக்கு. குளிர் கூடக் கூட மெழுகு திரிஞ்சு வடிகட்டியை அடைச்சுக்கும், எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. லடாக் பக்கம் டீசல் டேங்குக்கு அடியில தீ மூட்டிச் சூடாக்குறது ரொம்ப காலம் வழக்கத்துல இருந்தது. மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்ல அறிமுகப்படுத்தினது 2019 நவம்பர்லதான்.

மூணாவது, காற்று. பெரிய லாரிகளுக்கு ஏர் பிரேக். காத்தை அமுக்கி டேங்குல அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணியா அடியில தங்கும். நம்ம ஊர்ல அதைத் திறந்து விடலைன்னா உள்ளே துரு பிடிக்கும். அங்க அந்தத் தண்ணி உறைஞ்சு வால்வை அடைச்சா, பிரேக்கே கிடையாது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தா ஒண்ணு தெரியும். பனியில திறமையான டிரைவர்னா வேகமாப் போறவர் இல்லை. எப்போ போகக் கூடாதுன்னு தெரிஞ்சவர்.

1947: ஒரே ராத்திரியில ரோடு மாறிப்போச்சு

இப்போ வரலாறு. காஷ்மீர் பள்ளத்தாக்குக்குப் போற முக்கியமான வண்டிப் பாதை ரொம்ப காலம் ஜம்மு வழியா இருக்கலை. ராவல்பிண்டியில இருந்து ஜீலம் ஆத்தங்கரையோட பாராமுல்லா வந்து ஸ்ரீநகர் சேர்ற ரோடுதான் பிரதானம். ஆத்தை ஒட்டிப் போறதால உயரம் குறைவு, பனித் தொல்லையும் குறைவு. ஜம்முவில இருந்து பனிஹால் கணவாய் ஏறிப் போற ரோடும் இருந்தது; 1922-ல் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. ஆனா அந்தக் கணவாய் 2,800 மீட்டருக்கு மேல. குளிர்காலத்துல பனி மூடிடும். (பனிஹால்ங்கிற பேருக்குள்ள தமிழ் "பனி" இருக்கிறது தற்செயல்தான். அதை வச்சு வாட்ஸ்அப்ல தனிக் கதை ஒண்ணும் கிளப்பிடாதீங்க.)

1947-ல் நாடு பிரிஞ்சது. நல்ல ரோடு எல்லைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. இந்தியாவுக்கு மிஞ்சினது பனி மூடுற ரோடு. அந்த அக்டோபர் 27-ம் தேதி இந்தியப் படைகளை ஸ்ரீநகருக்கு விமானத்துல கொண்டுபோய் இறக்கினாங்க. வீரர்களை அப்படி இறக்கலாம். ஆனா ஒரு பள்ளத்தாக்குக்கே தேவைப்படுற அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் முழுசையும் எத்தனை நாளைக்கு விமானத்துல தூக்க முடியும்? அதுக்கு லாரிதான் வேணும். லாரிக்கு ரோடு வேணும்.

1948: சோஜிலாவுல தம்பிகள்

அடுத்த வருஷம் நடந்த ஒரு சம்பவம், தமிழ் கேக்குற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

ஸ்ரீநகர்ல இருந்து லடாக் போற வழியில சோஜிலா கணவாய், சுமார் 3,500 மீட்டர் உயரம். 1948-ல் அது எதிர்ப்படைகள் கையில. லே நகரத்துக்குத் தரைவழி துண்டிச்சுப் போச்சு. செப்டம்பர்ல காலாட்படை முயற்சி பண்ணினாங்க, முடியலை. குளிர்காலம் நெருங்குது. பனி விழுந்து மூடிட்டா அடுத்த கோடை வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்போ ஜெனரல் திம்மய்யா ஒரு முடிவு எடுத்தார்: அந்த உயரத்துக்கு டாங்கியைக் கொண்டு போறது.

7-வது இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 15 டன். இன்னைக்கு ரெண்டு ஆக்சில் லாரி முழு லோடோட இருக்கிற எடைக்கு ஓரளவு பக்கம். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு மேல இருக்கிற பீரங்கிக் கூண்டைத் தனியா கழட்டி, ஜம்மு பக்கத்துல இருந்து ரகசியமா அடிவாரத்துல இருக்கிற பால்தால் வரைக்கும் கொண்டு வந்தாங்க.

பால்தாலுக்கு மேல இருந்தது கோவேறு கழுதை போற ஒத்தையடிப் பாதை. அதுல எப்படி 15 டன் ஏறும்? அந்தப் பாதையை வெட்டி அகலமாக்கினது மதராஸ் சாப்பர்ஸ், தென்னிந்தியாவுல ஆள் எடுக்கிற பொறியாளர் படை. ராணுவத்துல இவங்களுக்கு இன்னைக்கும் செல்லப் பேரு "தம்பி"தான். மேஜர் தங்கராஜு தலைமையில, மேல இருந்து எதிரி பார்த்துக்கிட்டு இருக்கிற மலைச்சரிவுல, குளிர்லயும் பனியிலயும் பாறையை உடைச்சுப் பாதை போட்டாங்க. தாக்குதலுக்குக் குறிச்ச தேதியை பனிப்புயல் தள்ளி வச்சது. கடைசியில 1948 நவம்பர் 1-ம் தேதி டாங்கிகள் கணவாயைத் தாண்டின. அந்த உயரத்துல டாங்கி போருக்குப் போனது அதுவே முதல் தடவைன்னு ராணுவ வரலாறு சொல்லும். அந்த மாசம் முடியுறதுக்குள்ள கார்கில் வரைக்கும் பாதை திறந்தது.

டாங்கிகளுக்கு நேரா தலைமை தாங்கினவர் ராஜிந்தர் சிங் "ஸ்பேரோ", புகழ்பெற்ற அதிகாரி. திம்மய்யா பேரு எல்லாருக்கும் தெரியும். ரோடு போட்டவங்களைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? பனி விழுந்தா முறத்துல தவிட்டைக் கொழிக்கிற மாதிரி கொட்டுறதை அதுக்கு முன்னாடி கண்ணால பார்த்திராத ஊர்களில் இருந்து போன ஆட்கள் அவங்க. ஓட்டுறவனுக்கு முன்னாடி ரோட்டைத் திறக்கிறவன் ஒருத்தன் இருக்கான். பனி நாட்டுல இது ஒரு தடவை செஞ்சு முடிக்கிற வேலையும் இல்லை, ஒவ்வொரு தடவை பனி விழும்போதும் திரும்பச் செய்யணும். 1960-ல் எல்லைச் சாலைகள் நிறுவனம் தொடங்கினதுக்குப் பிறகு இந்த வேலை பெரும்பாலும் அவங்க கைக்கு வந்தது. மாசக்கணக்கில் மூடியே கிடந்த சோஜிலா, 2025-ல் 32 நாள் மட்டும்தான் மூடி இருந்தது.

மலையை விட்டு இறங்குற ரோடு

இப்போ பனிஹாலுக்குத் திரும்புவோம். கணவாய்க்கு மேல போய்ப் பனியோட மல்லுக்கட்டுறதை விட, கீழே துளை போட்டுப் போயிடலாம்னு முடிவாச்சு. ஜெர்மன் பொறியாளர்கள் துணையோட ஜவஹர் சுரங்கம் வெட்டினாங்க. 1956 டிசம்பர்ல அதைத் திறந்து வச்சவர் அப்போ குடியரசுத் துணைத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன், நம்ம திருத்தணிக்காரர். உயரம் சுமார் 2,200 மீட்டர். கணவாயை விட 600 மீட்டர் கீழே.

அதுக்கும் வழி நெடுக பனி விழும். 2017 ஏப்ரல்ல சேனானி–நாஷ்ரி சுரங்கம் திறந்தாங்க, 9 கிலோமீட்டருக்கு மேல நீளம். பட்னிடாப் மலை மேல ஏறி இறங்குற பனிப் பகுதி மிச்சமாச்சு. 2021-ல் பனிஹால்–காசிகுண்ட் புதுச் சுரங்கம், எட்டரை கிலோமீட்டர். அது சுமார் 1,800 மீட்டர் உயரத்துல, ஜவஹர் சுரங்கத்தை விட 400 மீட்டர் கீழே.

எண்களை வரிசையா வச்சுப் பாருங்க. 2,800, அப்புறம் 2,200, அப்புறம் 1,800. நூறு வருஷத்துல நாம பனியில ஓட்டக் கத்துக்கிட்டதை விட, பனிக்கு அடியில நழுவிப் போகக் கத்துக்கிட்டோம். எனக்கு இதுல கேலி ஒண்ணும் தெரியலை. பனி மேல 18 டன்னை இறக்கத்துல நிறுத்த முடியாதுங்கிற உண்மையை ஒத்துக்கிட்ட பொறியியல் இது.

ஆனா முழுசா தப்பிக்கவும் முடியலை. ராம்பன் பக்கம் மலை சரியும், கல் உருளும். பனி உருகி மண் இளகினா இன்னும் மோசம். ரோடு அடைஞ்சு திறக்கும்போது கனரக வண்டிகளை ஒரு நாள் இந்தப் பக்கம், மறு நாள் அந்தப் பக்கம்னு ஒருவழியா மாத்தி மாத்தி விடுறது அங்க வழக்கம். மிச்ச நாள் நின்னுதான் ஆகணும். 2018, 2019 ரெண்டு வருஷமும் ஆப்பிள் பறிப்பு முடியுறதுக்குள்ள, நவம்பர் முதல் வாரத்துலயே கனத்த பனி விழுந்தது. 2022 செப்டம்பர்ல பனியே இல்லாம, சரிவுனால ஆயிரக்கணக்கான ஆப்பிள் லாரிகள் தேங்கி நின்னுச்சு.

நிக்கிற நேரத்துக்கு யார் காசு?

ஆப்பிள் அழுகினா செய்தி வரும், அது நியாயம்தான். ஒரு வருஷ உழைப்பு அது. ஆனா லாரிக்குள்ள இன்னொருத்தரும் இருக்காரே?

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிகள் நாடு முழுக்க ஓடும், உங்களுக்குத் தெரியும். நம்ம பக்கத்து ஆட்களும் அதுல இருக்காங்க. எங்க தெருவுல ஒரு டிரைவர் அண்ணாச்சி இருந்தார். ஒரு தடவை ஜம்மு பக்கம் ரோடு அடைச்சு ஒன்பது நாள் நின்னாராம். டிரிப்புக்கு இவ்வளவுன்னு பேசின சம்பளம். அதனால ஒன்பது நாளுக்கும் சம்பளத்துல ஒண்ணும் கூடலை. கையில இருந்த பேட்டா சாப்பாட்டுக்கே பத்தலை. வண்டியை விட்டு நகரவும் முடியாது, லோடு இருக்கே. இதை அவர் குறையாக்கூட சொல்லலை. தொழில்னா இப்படித்தான்ங்கிற மாதிரி சொன்னார்.

அந்தப் பேச்சுதான் என்னைச் சட்டத்தைப் புரட்ட வச்சது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வேலை நேரத்துக்கு வரம்பு வச்ச நல்ல சட்டம். ஆனா அஞ்சு தொழிலாளர் இல்லைன்னா அதுக்கு மேல இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்துச்சு. ஒரு லாரி, ரெண்டு லாரி வச்சிருக்கிற முதலாளிகள் நிறைஞ்ச தொழில் இது. அவங்ககிட்ட வேலை பார்க்கிற டிரைவர் அந்தக் கணக்குலயே வரலை.

இன்னும் ஒரு வரி இருக்கு. "வேலை நேரம்"னா எதுன்னு அந்தச் சட்டம் விளக்கினது. வண்டி ஓடுற நேரம், அதையொட்டின துணை வேலை நேரம், அப்புறம் முனையங்கள்ல 15 நிமிஷத்துக்குக் குறைவா சும்மா காத்திருக்கிற நேரம். பஸ் ஸ்டாண்டை மனசுல வச்சு எழுதின வரி மாதிரி தெரியுது. வண்ணார்பேட்டையில டவுன் பஸ் பத்து நிமிஷம் நிக்கிறதுக்கு அது சரியா இருக்கும். காசிகுண்டுல பனிக்குள்ள ஒன்பது நாள் நிக்கிறவரை அந்த வரி எங்க வைக்கும்? 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தையும் தனக்குள்ள சேர்த்துக்கிச்சு. சட்டப் புத்தகம் மாறலாம். காத்திருப்பை வேலையா எண்ணுறோமாங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல தாமிரபரணி. பாலம் இல்லாத காலத்துல படகுதான். ஆத்துல தண்ணி கூடினா கரையில மணிக்கணக்கா நிக்கணும், முந்தி ஏற அடிதடி நடக்கும். அந்தக் காத்திருப்போட செலவை அன்னைக்குக் கரையில நின்ன சனங்கதான் சுமந்தாங்க. கலெக்டர் அலுவலகத்துல சிரஸ்தாரா இருந்த சுலோச்சன முதலியார், தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் பாலம் எழும்ப வழி பண்ணினார். இன்னைக்கும் அந்தப் பாலத்துக்கு அவர் பேருதான். சனங்க கரையில நிக்கிறதை விதின்னு விடாம, அது ஒரு செலவு, யாராவது கொடுத்துத் தீர்க்க வேண்டிய செலவுன்னு அவர் பார்த்தார். அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

காஷ்மீர் ரோட்டுல சுரங்கத்துக்கு அரசு கோடிக்கணக்குல கொடுக்குது. 2025 செப்டம்பர்ல பட்காம்ல இருந்து டெல்லிக்கு ஆப்பிள் ஏத்திக்கிட்டு பார்சல் ரயிலும் கிளம்பிடுச்சு. சோஜிலாவுக்கு அடியில 13 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிட்டிருக்காங்க. எல்லாம் நல்லது. ஆனா எத்தனை துளை போட்டாலும் மலை சில நாள் ரோட்டை அடைக்கத்தான் செய்யும். அந்த நாட்கள்ல நாம டிரைவர்கிட்ட எதிர்பார்க்கிறது, வண்டியை எடுக்காம பொறுமையா நிக்கணும்ங்கிறது. பனியில அதுதான் சரியான ஓட்டுநர் திறமைன்னு முதல்லயே பார்த்தோம். அப்போ அந்தத் திறமைக்குச் சம்பளம் இல்லைன்னா, நஷ்டத்தைப் பார்த்து அவசரப்பட்டு இறக்கத்துல வண்டியை விடத்தானே தூண்டுறோம்? நிக்கிற நாளுக்கும் கூலின்னு ஒரு வரி எழுதுறதுக்கு மலையைக் குடைய வேண்டியதில்லை. அதே சமயம், எந்தச் சுரங்கத்துக்கும் குறையாத பாதுகாப்பு அது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ வடக்கே லாரி ஓட்டினவங்க இருந்தா, அதிகபட்சம் எத்தனை நாள் நின்னீங்கன்னு கேட்டுப் பாருங்க. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.